நம்ம தோலைப் பற்றி நாமே பேசுவோம்

(நெம்மேலி காலனியில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிஞர் என்று சொல்லி அழைத்திருக்கிறீர்கள். இன்றைக்குக் கவிதை வாசிக்கப் போவதில்லை. நான் வங்கியில் குமாஸ்தா. காலை பத்து மணியிலிருந்து கவுண்டரில் உட்கார்ந்து மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பது என் பிழைப்பு. அதனால் முகத்தைப் பற்றியே பேசலாம் என்று வந்தேன். சரியாகச் சொன்னால் தோலைப் பற்றி. பஞ்சமி நிலத்துக்காக 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். அப்பேர்ப்பட்ட மாவட்டத்தில் நின்றுகொண்டு மூஞ்சிக்குப் பூசுகிற கிரீமைப் பற்றிப் பேச வந்துட்டானே இவன், என்று யாருக்காவது தோன்றலாம். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் என் அக்கா மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளேயே கிடந்திருக்கிறாள். அக்கா போன் பண்ணி, "இன்னான்னு நீயே வந்து கேளுடா, எங்கிட்ட வாயத் தொறக்க மாட்றா" என்றாள். போனேன். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தது. சின்னச் சின்னக் கொப்புளம். மேலுதட்டில் முன்பு இல்லாத முடி. வெயில் பட்டால் எரிகிறது, அடுப்புக்கிட்ட நின்றாலும் எரிகிறது என்றாள். "இன்னாடி போட்ட?" என்றேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டியூப்பை எடுத்து நீட்டினாள்.

பிறகுதான் கதை வந்தது. "ஈசிஆர்ல ஒரு ஓட்டலுக்கு ரிசப்ஷன் வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு போனோம் மாமா. என்னப் பாத்துட்டு, ஹவுஸ்கீப்பிங்ல வேணா வர்றியாம்மான்னாங்க. என்கூட வந்தவளுக்கு என்னவிட மார்க் கம்மி. ஆனா அவ கலரு." மருந்துக்கடையில் கேட்டிருக்கிறாள். சீட்டு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றே வாரத்தில் முகம் வெளுத்தது. எல்லோரும் "பளிச்சுனு ஆயிட்டடி" என்றார்கள். மூன்று மாதம் விடாமல் தடவியிருக்கிறாள். ஒருநாள் நிறுத்தினாள். நிறுத்திய நாலாம் நாள் முகம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

அந்த டியூப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் எனக்கு அது தெரியும். பத்தொன்பது வயதில் நானும் அந்த மாதிரி ஒன்றைத் தடவியவன். பள்ளிக்கூடத்தில் என் பெயர் கரிச்சட்டி. குரூப் போட்டோ எடுக்கும்போது யாரும் சொல்லாமலே பின்வரிசைக்குப் போய்விடுவேன். கல்லூரியில் ஒரு பெண்ணிடம் பேச ஆசைப்பட்டு, பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் வெளுத்துக்கொள்ளலாம் என்று வாங்கினேன். கழுத்து கறுப்பாகவும் முகம் சாம்பல் பூத்தும் வீட்டுக்கு வந்து நின்றபோது என் அம்மா பார்த்தாள். அவள் கோவளம் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரினவள். திட்டவில்லை. "என் நெறந்தாண்டா உனக்குக் குடுத்தேன். அதக்கூட தேச்சி எடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இந்தப் பேச்சே அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் உடம்பைப் பேசிவிடுவோம். அக்கா மகளைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். டியூப்பை வாங்கிப் பார்த்தார். மூன்று மருந்து கலந்தது. அதில் ஒன்று ஸ்டீராய்டு. தோலில் வீக்கத்தையும் அரிப்பையும் அடக்க, மருத்துவர் பார்த்து, குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து அது. தடவினால் ரத்தக்குழாய் சுருங்கும், நிறமி உற்பத்தி குறையும், முகம் வெளுத்த மாதிரி தெரியும். நாள்பட நாள்பட தோல் மெலிந்து போகும். ரத்தக்குழாய் வெளியே தெரியும். பரு வரும், முடி வளரும், வெயில் தாங்காது. திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அதைத் தாங்க முடியாமல் மறுபடி அதே கிரீமைத் தடவுவார்கள். சாராயத்துக்கு அடிமையாகிற கதைதான். இந்திய மருத்துவர்கள் 2008இலேயே இதற்கென்று தனிப் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள், ஸ்டீராய்டு கெடுத்த முகம் என்று. 2018இல் மத்திய அரசு இப்படித் தடவுகிற ஸ்டீராய்டுகளில் 14 வகையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் கொண்டு வந்தது. சட்டம் பட்டியலில் இருக்கிறது, டியூப் பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

இது தோலோடு நிற்கிற விஷயமும் இல்லை. சில கிரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள். பாதரசம் தோலில் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். அதனால் சீக்கிரம் வெளுக்கும். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். பக்கத்துக் கேரளாவில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அரிதாகவே பார்க்கிற ஒரு வகை. விசாரித்தபோது அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கிற கிரீம் தடவியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. நம் நாட்டு 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிப்படி முகப்பூச்சில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தெரியாமல் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, 2025க்குள் பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவுமே இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தன. ஆனால் லேபிளில் பாதரசம் என்று எவன் அச்சடிக்கிறான்? தயாரித்தவன் முகவரியே இல்லாத டப்பாக்கள் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

கறுப்பு என்றால் என்ன? எல்லா மனிதர் தோலிலும் நிறமி செய்கிற செல்கள் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. வெள்ளைக்காரனுக்கும் அப்படித்தான், உப்பளத்தில் நின்ற என் அம்மாவுக்கும் அப்படித்தான். அந்தச் செல்கள் எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். மெலனின் வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கிறது. அதாவது அது தோலுக்குக் குடை. குடையைக் காசு கொடுத்துக் கிழித்துக்கொள்கிறோம்.

ஏன் கிழித்துக்கொள்கிறோம்? இங்கேதான் சாதி வருகிறது.

ஒரு பழமொழி உங்களுக்குத் தெரியும். கறுத்த பார்ப்பானையும் வெளுத்த பறையனையும் நம்பாதே என்பார்கள். கேட்டால் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் பிரித்துப் பாருங்கள். பார்ப்பான் வெளுப்பாக இருக்க வேண்டும், பறையன் கறுப்பாக இருக்க வேண்டும், மாறி இருந்தால் அதில் ஏதோ திருட்டுத்தனம் என்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு நிறமும் இருக்கிறது என்று பழமொழி செய்தவனுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், கண்ணில் பட்ட உண்மையை நம்பாதே, சாதி சொல்கிற நிறத்தை நம்பு என்கிறான். வங்கியில் ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "சார், உங்களப் பாத்தா எஸ்.சி. மாதிரியே தெரியல, நல்லா டீசண்டா இருக்கீங்க" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சொன்னார். நானும் ஒரு நொடி சிரித்துவிட்டேன். அந்த ஒரு நொடிச் சிரிப்புத்தான் தோழர்களே நம்ம வியாதி.

வெள்ளைக்காரன் இதை விஞ்ஞானமாக்கப் பார்த்தான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலை எடுத்துக்கொண்டு சாதிசாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதியாகப் புத்தகம் வந்தது. மூக்கு எவ்வளவு அகலமோ சாதி அவ்வளவு தாழ்வு என்று ரிஸ்லி போன்றவர்கள் கணக்குச் சொன்னார்கள். பாபாசாகேப் அந்தக் கணக்கையே திருப்பி வைத்தார். 1948இல் வந்த தீண்டப்படாதவர்கள் யார் என்ற நூலில், அவர்கள் எடுத்த மூக்கு அளவுகளையே ஆதாரமாகக் காட்டி, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்பது நிற்காது என்று நிறுவினார். அதற்கு முன்பே 1936இல் சாதி ஒழிப்பிலும் சாதி இனப்பிரிவு அல்ல என்று சொல்லிவிட்டார். ஆக, தோலிலும் மூக்கிலும் சாதி இல்லை. பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணை நாம் வாங்கி நம்ம முகத்தில் பொருத்திக்கொண்டு கண்ணாடி பார்க்கிறோம்.

அதே வேலையை வியாபாரம் எடுத்துக்கொண்டது. இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. எத்தனை நாளில் எத்தனை படி வெளுத்தாய் என்று பார்க்க டப்பாவோடு ஒரு நிற அட்டை கொடுத்தார்கள். தர்ஸ்டன் கையில் இருந்த அளவுகோல், இப்போது நம்ம பிள்ளைகள் கையில். 2019இல் அந்த அட்டையை எடுத்தார்கள். 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொதித்தபோது பெயரை குளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். அதே கொதிப்பில், ஒரு பெரிய திருமணத் தளமும் நிறம் பார்த்து வரன் தேடுகிற வசதியை எடுத்தது. நல்லதுதான். ஆனால் கல்யாணத் தரகரிடம் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. சாதிக் கட்டம் எல்லா இடத்திலும் இருக்கிறது. சென்னையிலிருந்தே 2009இல் கறுப்பு அழகு என்று ஓர் இயக்கம் கிளம்பியது. கவிதா இம்மானுவேல் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகம் கொடுத்தார். அவர்கள் நிறத்தைப் பேசினார்கள். நிறத்துக்குப் பின்னால் நிற்கிற சாதியைப் பேசுவது நம்ம வேலை.

சின்ன வயசிலேயே இது உள்ளே இறங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1940களில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். கறுப்பினக் குழந்தைகள் முன்னால் இரண்டு பொம்மை. நிறம் தவிர எல்லாம் ஒன்று. எது நல்ல பொம்மை என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டதும் சில குழந்தைகள் அழுதார்கள். 1954இல் பள்ளிகளில் நிறவாரிப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆய்வையும் சுட்டியது. கவனியுங்கள். குழந்தையின் மனக்காயத்தை நீதிமன்றம் அரசியல் சான்றாக எடுத்துக்கொண்டது. நாம் என்ன செய்கிறோம்? "இதெல்லாம் பொண்ணுங்க சமாச்சாரம்" என்று கிளைக்கூட்டத்தில் அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறோம்.

நம்ம வீட்டையும் கொஞ்சம் கூட்டுவோம். மேடையில் பாபாசாகேப் படத்துக்கு மாலை போட்டுவிட்டு இறங்கி, சக தோழரைக் "கருவாயா" என்று கூப்பிடுகிறவன் நம்மில் இருக்கிறானா இல்லையா? தனக்குப் பெண் பார்க்கும்போது "பொண்ணு கலரா இருந்தா நல்லாருக்கும்" என்று தரகரிடம் சொன்ன போராளிகள் எனக்குத் தெரியும். என்னையே சொல்கிறேன். என் முதல் பத்துக் காதல் கவிதையில் காதலியின் முகம் நிலா, பால், பனி. என் தெருவில் அப்படி ஒருத்திகூட இல்லை. யாரைப் பார்த்து எழுதினேன்? அந்தக் கவிதைகளைக் கிழித்துப்போட்டேன். கிழித்ததைப் பெருமையாகச் சொல்லவில்லை, எழுதியதை ஒப்புக்கொள்கிறேன்.

மாமல்லபுரத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். சிற்பக் கூடங்களில் கருங்கல்லில் சாமி செதுக்குகிறார்கள். அந்தக் கருங்கல் கருவறைக்குள் போனதும் பாலாபிஷேகம் செய்கிறான். அவன் கும்பிடுகிற சாமி கறுப்பு. அவன் வீட்டுக்கு வரக்கூடாத மனுசனும் கறுப்பு. அப்போ அவனுக்குப் பிரச்சனை கறுப்பு இல்லை. நாம்தான் அதைக் கறுப்புப் பிரச்சனை என்று நம்பி கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயம். தங்கச்சிகள் கவனியுங்கள். வயசுக்கு வந்த பெண் மாதாமாதம் ரத்தம் போய், சரியாகச் சாப்பிடாமல், சோகை பிடித்து வெளுத்துப் போகிறாள். ஊர் என்ன சொல்கிறது? "இப்பத்தான் கலர் வந்திருக்கு." 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கறுத்த முகத்தில் சோகை சட்டென்று தெரியாது. கீழ் இமையைப் பிரித்துப் பாருங்கள், நாக்கைப் பாருங்கள், நகத்தடியைப் பாருங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்ப்பார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள்.

அதிலும் சாதி இருக்கிறது. ஹாஸ்டலில் யாராவது மூக்கைப் பிடிப்பார்கள் என்று மாட்டுக்கறியை விட்டவர்கள் இங்கே எத்தனை பேர்? கறியில், ஈரலில், சுவரொட்டியில் இருக்கிற இரும்புச்சத்து கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். நம்ம ஆயா தெரிந்துதான் பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி சுட்டுக் கொடுத்தாள். வெட்கப்பட்டுச் சாப்பாட்டை விட்டோம், ரத்தம் குறைந்தது, முகம் வெளுத்தது, அதை அழகு என்றார்கள். எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது பாருங்கள் சாதி. கறி பிடிக்காதவர்கள் முருங்கைக்கீரை, கேழ்வரகு சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது.

தம்பிகளே, சிரிக்காதீர்கள், உங்களுக்கும் இருக்கிறது. ஒல்லிக்குச்சி என்று சொன்னதற்காக ஜிம்முக்குப் போய், முகவரி தெரியாத பவுடரைக் குடித்து, எவனோ சொன்னான் என்று ஊசி போட்டுக்கொள்கிறீர்கள். அந்த ஊசியும் ஸ்டீராய்டுதான், வேறு வகை. ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும், விந்தணுவைக் குறைக்கும். உடற்பயிற்சி செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் கண்ணுக்காகச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அழகாக உடுத்தவே கூடாதா, கண்ணாடியே பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. பாபாசாகேப் கோட்டும் டையும் கட்டி நின்றதே ஒரு போராட்டம். 1927 டிசம்பரில் மகத்தில் நம் பெண்களிடம் பேசும்போது, சாதியை அடையாளம் காட்டுகிற மாதிரி சேலை கட்டுவதையும் நகை போடுவதையும் விடச் சொன்னார். உடம்பின் மேல் சாதி வைத்த குறியை எடுத்தெறியச் சொன்னார். உடம்பையே எடுத்தெறியச் சொல்லவில்லை. நம்ம மண்ணில், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கி அதற்குப் "பறையன்" என்று பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அதையே முகப்பில் அச்சடித்தார். ஒருவர் குறியைக் கழற்றினார், ஒருவர் குறியை உயர்த்திப் பிடித்தார். இரண்டிலும் வெட்கம் இல்லை.

அதே சமயம் கறுப்பைக் கொண்டாடியே ஆக வேண்டும் என்று யார் மேலும் ஏற்றவும் கூடாது. கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று ஆறுதல் சொல்கிறவன் மாப்பிள்ளை இலையில் காந்தலை வைப்பதில்லை. காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் பெருமைப்பட முடியாத நாளும் இருக்கும். அன்றைக்கு அவளிடம் "பெருமைப்படு தோழி" என்று முழக்கம் போடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். வேலைக்கு எடுக்காதவன்தான் குற்றவாளி, நீ இல்லை என்று சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது நான்கு. ஒன்று, மருத்துவர் சீட்டில்லாமல் முகத்துக்கு எதையும் வாங்காதீர்கள். பேட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டு, ஏற்கெனவே நெடுநாள் தடவுகிறவர்கள் பயந்துபோய் இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். டியூப்பை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசு இல்லாமல் பார்க்கலாம். முகவரி இல்லாத கிரீம் தடவி, கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ அந்தக் கிரீமை அன்றே விட்டுவிட்டு உடனே போங்கள். மூன்று, சாப்பிடப் பிடிக்கவில்லை, வெளியே வரப் பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றால் மறைக்காதீர்கள். 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. வீட்டில் இருப்பவர்கள் அதைத் திமிர் என்று சொல்லாதீர்கள். நான்கு, நம்ம கூட்டத்தில், நம்ம வீட்டில், நிறத்தை வைத்து யாரையும் கூப்பிடுவது இன்றோடு முடிய வேண்டும். வேலைக்கு நிறம் பார்த்து எடுக்கிற இடங்களைப் பற்றித் தேதி போட்டு எழுதி வைப்போம். பத்துப் பேர் எழுதினால் அது புலம்பல் இல்லை, ஆவணம்.

அக்கா மகள் மறுபடி கல்லூரிக்குப் போகிறாள். முகம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆற மாதக்கணக்காகும் என்கிறார் மருத்துவர். அவளே ஒன்று சொல்லச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதே இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். உங்கள் வீட்டில் இருக்கிற டியூப், டப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். யாரும் யாரையும் கேலி செய்ய மாட்டார்கள். பின்னால் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று சேர்ந்து படிப்போம்.

நானும் வருகிறேன். ஜெய்பீம்.